அண்ணை வந்துபோன மறுநாள்கள்

பருத்தித்துறையில் பிறந்து, ஸ்காபுறோ பனியில் கண்மூடிய எங்கள் அண்ணையின் ஆண்டுத் திதிக்கு வந்திருக்கும் உறவுகளே, நண்பர்களே! அழைப்பிதழில் நவமி என்று போட்டுவிட்டு, தசமியான இன்று ஏன் கூப்பிட்டீர்கள் என்று பலரும் கேட்டீர்கள். தங்கையாகிய நான் அதைச் சொல்வதானால் அண்ணையின் தொழிலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அண்ணை இடைக்கால வரலாறு படித்தவர். சோழர் காலக் கல்வெட்டு என்றால் அவருக்கு உயிர். யுத்தம் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிய்த்தெடுத்து, இந்தப் பனி நாட்டில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு சின்ன அப்பார்ட்மென்டில் கொண்டுவந்து போட்டது. ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினார். சனிக்கிழமைகளில், கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்தில் கல்வெட்டுப் படங்களை விரித்து, வந்தவர் போனவருக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். "படிச்சவைக்கு மட்டுமே சரித்திரம்? உடுப்புத் தோய்க்க வாற சனத்துக்கும் வேணும்" என்பார். பிறகு நூலகங்கள், கோயில் மண்டபங்கள் கூப்பிட்டன. கடைசியில் ஒரு அருங்காட்சியகம், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல அவரை வேலைக்கு எடுத்தது.

எங்கே பேசினாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான். "உந்தக் கல்லு எங்க நிண்டது? அந்த ஊர் நேரம் தெரியாமல் நாள் பார்க்கக் கூடாது, பிள்ளையள்." கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் போய்விட்டார். அழுத கண்ணோடு, சமையலறையில் தொங்கிய ஊர்க் கலண்டரில் செவ்வாயைப் பார்த்தேன். நவமி. அன்றுமுதல் மாதாமாதம் நவமியில் மாசியம் படைத்தோம்.

ஒவ்வொரு மாதமும் மறுநாள் மத்தியானம், சட்டிபானை எல்லாம் கழுவிக் கவிழ்த்தபின், அண்ணை வழக்கமாக இருக்கும் ஜன்னலோரக் கதிரை இழுபடும் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை. ஒருதரம் அவருடைய இருமல் கேட்டது, சத்தியமாகக் கேட்டது. "உனக்கு மனப்பிராந்தி" என்றார் என் கணவர். படைத்தும் அண்ணைக்கு ஏன் ஆறவில்லை என்று தனியே இருந்து அழுதேன்.

அழைப்பிதழ் அச்சாகி வந்ததும் என் மகள் அதை வாங்கிப் பார்த்தாள். "அம்மா, மாமா இஞ்சதானே செத்தவர்? இஞ்ச செவ்வாய் பின்னேரம் எண்டா ஊரில புதன் பிறந்திட்டுது. பிறகேன் ஊர்க் கலண்டரில செவ்வாயைப் பார்த்தனீங்கள்? மாமாட ஃபர்ஸ்ட் குவெஸ்சனே அதுதானே!"

எடுத்துவைத்திருந்த கலண்டரைப் புரட்டினேன். ஊரில் செவ்வாய் இரவே நவமி முடிந்து தசமி தொடங்கியிருந்தது. அண்ணை மாதாமாதம் தன்னுடைய நாளில் சரியாகத்தான் வந்திருக்கிறார். ஐயோ, வெறும் சட்டியைக் காட்டிப் பசியோடு திருப்பி அனுப்பினோமே!

வைத்தியசாலையில் மாறிமாறி நின்ற மருமக்களுக்கும், ஒஷாவாவிலிருந்து பனிக்குள் ஓடிவந்து தோள்கொடுத்த நண்பர்களுக்கும், நாள் மாறியும் முகம் சுழிக்காமல் லீவு போட்டு வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. எல்லோரும் ஆறுதலாக இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அந்த ஜன்னலோரக் கதிரையில் மட்டும் தயவுசெய்து ஒருவரும் இருக்க வேண்டாம்.