கன்னியம்மாவின் இரண்டாவது கம்பி

நேற்றைய தேதியைக் காலண்டரிலிருந்து கிழித்து, அதன் முதுகில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள் கன்னியம்மா. இட்லிக்குக் கோடு, வடைக்கு வட்டம், டீக்குப் புள்ளி. மறுபாதியில் அரிசி, உளுந்து, விறகு என்று அன்றைய செலவு. முடிந்ததும் தாளைக் கொட்டகையில் தொங்கும் கம்பியில் குத்திவிடுகிறாள். கும்மிடிப்பூண்டியில் எங்கள் போல்ட்டுக் கம்பெனி வாசலில் நாஷ்டாக் கடை போட்ட நாள் முதல் இதுதான் வழக்கம். "இது இல்லாங்காட்டி அரிசிக்காரன் ஏமாத்திக்கினே இருப்பான் சார்" என்பாள்.

நான் அந்தக் கம்பெனியின் தலைமைக் குமாஸ்தா. நாற்பது பேருக்கு வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன் என்ற மிதப்பு வேறு. போன மே மாதம், அவள் வைத்த பொங்கலைத் தின்றுகொண்டே, அவள் கேட்காத ஆலோசனை ஒன்றை வழங்கினேன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு விற்கும்?"

"நாப்பது ரூவா சார்."

"அப்படியானால் வருஷத்தில் முந்நூறு நாள் என்று வைத்தாலும் பன்னிரண்டாயிரம்! எட்டாயிரத்தைத் தாண்டினாலே கணக்குக் காட்ட வேண்டும் கன்னியம்மா. காட்டாவிட்டால் அபராதம்."

காகிதம் இல்லாமலே பெருக்கிச் சொன்ன என் வேகத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் கடை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கம்மலை விற்று வரியைக் கட்டிவிட்டு, கடையையும் மூடிவிட்டுப் பழையபடி களையெடுக்கப் போவதாக அக்கம்பக்கத்தில் சொல்லி அழுதாளாம். மூன்றாம் நாள் அடுப்பு புகைந்தது. ஓடினேன்.

"மெட்ராஸ் வரி ஆபீசுக்கே பூட்டேன் சார். கோணி நெறைய காலண்டர் தாளு. ஆபீசர் ஒவ்வொண்ணா பாத்தாரு. அரிசி, வெறகுக்குப் போனத கயிச்சிட்டு நிக்கிறதுதான் வருமானமாம். நாளைக்கிப் பத்து ரூவாதான் நிக்குது. வருசத்துக்கு மூவாயிரம். உனுக்கு வரியே இல்ல, போய் வடை சுடும்மான்னுட்டாரு. யாரு உன்ன இப்டி பயமுறுத்துனதுன்னாரு. ஒரு படிச்ச ஆளுன்னேன். பேரு சொல்லல."

விற்ற பணம் வேறு, வருமானம் வேறு என்பது கணக்கு எழுதுகிறவனுக்கு முதல் பாடம். இருபத்திரண்டு வருடமாகப் பேரேடு எழுதும் எனக்கு அது பொங்கலோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய்விட்டிருந்தது. வெட்கமாக இருந்தது. டீ கிளாசுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அவள் விடவில்லை. "அங்க குந்திக்கினு இருந்தேனா, ஒரு வாத்தியாரு வந்தாரு. டூசன் காச எய்தலயாம். சம்பளத்துல வரி புடிச்சிட்டா முடிஞ்சிதா, மத்த வரும்படியும் சேத்துக் காட்டணும்னு ஆபீசர் கத்துனாரு. நீ புக்குல கத எய்திக்கினு மணியார்டர் வாங்குறியே சார், அத்தக் காட்னியா?"

காட்டவில்லை. நாற்பது பேரிடம் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு "வேறு வருமானம் உண்டா?" என்று அதட்டியவன், அந்தக் கேள்வியை என்னிடம் மட்டும் கேட்டதே இல்லை. கம்பெனிதான் சம்பளத்தில் பிடித்துவிடுகிறதே என்ற தைரியம். விஷயம் முதலாளி காதுக்குப் போனால் அந்த நாற்பது பேரும் என்னைப் பார்க்கும் பார்வையை நினைத்தேன். அன்றே புதுப் படிவம் எழுதி, பத்திரிகைகள் அனுப்பிய கதைப் பணம் நூற்றெண்பதையும் சேர்த்து, கூடுதலாக முப்பத்தோரு ரூபாய் கட்டினேன்.

இன்று காலை, "உன்னைப் பற்றிப் பத்திரிகையில் எழுதப்போகிறேன்" என்றேன். பூரித்துப்போவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எவ்ளோ தருவாங்க?"

"பதினைந்து ரூபாய்."

கன்னியம்மா மறுநாள் வரை காத்திருக்கவில்லை. இன்றைய தேதியை அப்போதே கிழித்து, பின்பக்கம் பதினைந்து கோடு போட்டாள். விறகுக் கட்டைச் சுற்றியிருந்த கம்பியை உருவி, நிமிர்த்தி, தன் கம்பிக்குப் பக்கத்தில் மாட்டி, "இது உன் கணக்கு சார்" என்று அதில் அந்தத் தாளைக் குத்தினாள்.