வீரையா தூக்கிய கை

இந்த மலாயா நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலை கேட்டுப் போகிறவனிடம் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால் என்ன ஆட்டம் ஆடுவாய் என்று கேட்பார்கள். ஈப்போவுக்குத் தெற்கே இந்த ஈயச் சுரங்கக் கம்பெனிக்கு நான் வந்த புதிதில் மேனேஜர் துரை என்னையும் அப்படித்தான் கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்து, பஜனை பாடுவேன் என்று சொல்லிவைத்தேன். அவர் சிரிக்காமல் அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். சனிக்கிழமை மத்தியானம் ஸ்டோர் கதவைச் சாத்திவிட்டு, கணக்கெழுதுகிற கிராணி, தச்சர், கூலியாள் என்ற பேதமில்லாமல் எல்லாரையும் லாரியில் ஏற்றிப் பாடாங்குக்குக் கொண்டுபோன பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று. பாடாங் என்றால் ஊர் நடுவில் புல் வளர்த்துப் போட்டிருக்கிற திடல். அங்கே கம்பெனிக் கட்சி கால்பந்து ஆடும், நாங்கள் கத்த வேண்டும். நம் புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒருவன் வேலைக்குப் போய்விட்டால் அவன் ஆட்டம் நின்றுபோகும். இங்கே ஆட்டத்துக்காகவே வேலை கொடுக்கிறார்கள். ஆட்டம் சரியில்லை என்றால் மறுநாள் வேலையும் இல்லை.

இதை நான் ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். கீரனூரிலிருந்து என் மாமனார் எழுதிய கடிதம் மேஜைமேல் கிடக்கிறது. "கூடைப்பந்தில் ஜில்லாவையே ஜெயித்த என் மகன் கால்பந்தில் தேறாமல் போவானா? கூட இருந்து பார்த்துக்கொள்ளாதது நீங்கள்தான்" என்று எழுதியிருக்கிறார். ஊரில் பஸ் ஸ்டாண்டிலும் இதே பேச்சாம். மலாயாவுக்குப் போயும் பிழைக்கத் தெரியாமல் திரும்பிவிட்டான் என்று வீரையாவின் காதில் விழும்படியே பேசுகிறார்களாம். பேசுகிறவர்களில் ஒருவராவது அன்றைக்குப் பாடாங்கில் நின்று பார்த்ததுண்டா?

வீரையா என் மனைவியின் தம்பி. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த புதிதில் புதுக்கோட்டைப் பள்ளிக்கூடத்துச் செம்மண் தரையில், பனங்கட்டையில் பலகை அடித்து அவன் கூடைப்பந்து ஆடியதை நான் பார்த்திருக்கிறேன். ஆள் ஆறடிக்கு மேல். ஓடிவந்து எழும்பினான் என்றால் இறங்குவதற்கு அவசரமே இருக்காது. அந்த ஆட்டத்தில் ஒரு சட்டம். எதிராளியின் உடம்பில் பட்டுவிட்டால் தப்பு, தப்புச் செய்தவன் தானே கையைத் தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும். விசில் ஊதிய பிறகு தூக்கினால் போதும் என்றுதான் சட்டம். ஆனால் எங்கள் பிள்ளைகள் விசிலுக்குக் காத்திருப்பதையே கேவலமாக நினைத்தார்கள். பட்ட உடனே வீரையாவின் வலது கை மேலே போய்விடும். கூட்டம் அதற்கும் கை தட்டும்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தின வருஷம் எங்கள் கம்பெனியில் கோல் காக்கிறவருக்கு முழங்கால் முறிந்துபோயிற்று. உயரமான ஆள் யாராவது தெரியுமா என்று துரை கேட்டபோது, கோப்பையோடு வீரையா நிற்கிற படத்தைக் கொண்டுபோய் நீட்டியவன் நான். "இது கூடைப்பந்து அல்லவா?" என்றார். "கோலில் நிற்கிறவனுக்கும் கைதானே துரை வேலை? பந்து எங்கே வந்தாலும் பிடிப்பான்" என்றேன். அப்படித்தான் மனப்பூர்வமாக நம்பினேன். ஸ்டோரில் உதவிக் கிராணி என்று காகிதம் தயாராயிற்று. அந்தக் காகிதத்தை வைத்துத்தான் இந்த நாட்டில் இருக்க பெர்மிட். வருஷம் முடிகிறபோது கம்பெனி கையெழுத்துப் போட்டால் இருக்கலாம், பெண்டாட்டி பிள்ளையையும் வரவழைக்கலாம். போடாவிட்டால் கப்பல். கீரனூரில் அவன் பெண்டாட்டி செல்லம், கைக்குழந்தையை மடியில் வைத்துப் பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடித்துக் காத்திருந்தாள். அந்தப் படத்தை அவன் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான்.

முதல் ஆட்டத்திலேயே எங்கள் நம்பிக்கை குப்புற விழுந்தது. உயரத்தில் வந்த பந்தை அழகாகப் பிடித்து நெஞ்சோடு அணைத்தான். எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் ஓடிவந்து தோளால் இடித்து, பந்தோடு சேர்த்து அவனை வலைக்குள் தள்ளிவிட்டான். கோல்! வீரையா ரெப்ரியைப் பார்த்து நின்றான், இடித்தவன் கையைத் தூக்குவான் என்று. இடித்தவன் இவனைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். கோல் காக்கிறவனைத் தோளால் இடிக்கலாம் என்பது இவர்கள் சட்டமாம். ஒரு ஆட்டத்தில் பாவம், இன்னொரு ஆட்டத்தில் சாமர்த்தியம்!

மறுநாள் காப்பிக்கடையில் லாரி ஓட்டுகிற அறந்தாங்கிக்காரர் சாத்தையா என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னங்க, ஒங்க மச்சினரு பந்தப் புடிக்க வந்தாரா, பந்துக்குப் பாதுகாப்பா வலைக்குள்ள போயி ஒக்கார வந்தாரா?"

"மொத ஆட்டந்தானே. பழகிருவான்."

"எங்கிட்டுப் பழகுறது? அது பொம்பளப் புள்ளைக ஆடுற மாதிரி தொடாம ஆடுற ஆட்டம். இது இடிச்சுத் தள்ளுற ஆட்டம். கூடையில போட்டவனெல்லாம் கோல்ல நிக்க முடியுமுங்களா?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நம்மவர்கள்தான் அத்தனை பேரும். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காந்துகிறது.

ஆனால் வீரையா பழகினான். இதை மாமனார் தெரிந்துகொள்ள வேண்டும். பழக்கிவிட்டவர் சே ஹம்சா என்ற மலாய்க்காரர், பழைய ஆட்டக்காரர். தினம் வெயில் தாழ்ந்ததும் மூன்று ஆட்களை வைத்து இவனை இடிக்கச் சொல்வார். பந்தை வாங்கிய உடனே ஒரு பக்கம் திரும்பி முழங்காலை உயர்த்தக் கற்றுக்கொடுத்தார். மூன்று மாதத்தில் வீரையா ஒற்றைக் கையால் வானத்திலிருந்து பந்தைப் பறித்தான். கூடையில் போட்டுப் பழகிய கை, எதிர்ப்பாதியில் நிற்கிற நம்மவன் காலடிக்கே பந்தை எறிந்தது. அப்படி எறிகிற கோல்காரனை இந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. கூடைப்பந்துக்காரன் கால்பந்தில் ஜெயிப்பானா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: ஜெயித்தான், நான் கண்ணால் பார்த்தேன்.

மாறாதது ஒன்றே ஒன்று. பழகும்போது யார் மேலாவது முழங்கை பட்டால் அவன் கை மேலே போய்விடும். சே ஹம்சா ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, தயங்கித் தயங்கி, "அது உங்கள் சாமிக்கு நேர்ந்துகொண்டதா? அப்படியானால் நான் தடுக்க மாட்டேன்" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு, வெறும் பழக்கம் என்றேன். ஆமாம், நேர்த்திக்கடன் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் சரியாகவே புரிந்துகொண்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. நான் வீரையாவைத்தான் கண்டித்தேன்.

"ரெப்ரி பாக்கலைன்னா நீயா ஏன் மாப்ள காட்டிக் குடுக்குற?"

"நான் எங்க மச்சான் தூக்குறேன்? அது பாட்டுக்குப் போகுது."

"போகாமப் பாத்துக்க. செல்லத்த நெனச்சுக்க."

கோப்பைக்கான அரையிறுதி ஆட்டம் வந்தது. எதிரே பக்கத்துச் சுரங்கக்காரர்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல், முடியச் சில நிமிஷங்கள்தான் பாக்கி. மழை பெய்து புல் வழுக்கிற்று. அவர்களில் ஒருவன் பந்தோடு தனியாக வர, வீரையா பாய்ந்து அவன் காலடியிலிருந்து பந்தை வாரிவிட்டான். கூட்டம் எழுந்து கத்திற்று. வந்தவன் உருண்டு கிடந்தான். வீரையாவின் தோள் அவன் முழங்காலைத் தட்டியிருந்தது. ரெப்ரிக்கும் அவர்களுக்கும் நடுவில் நாலு பேர் நின்றதால் அவர் ஒன்றும் பார்க்கவில்லை, விசில் அவர் வாய்க்குப் போகவும் இல்லை. அப்போதுதான் அந்தக் கை எழும்பியது. "எறக்குடா! கைய எறக்குடா!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். ரெப்ரி கையைப் பார்த்தார், கிடந்தவனைப் பார்த்தார், விசில் ஊதிப் பெனால்டிப் புள்ளியைக் காட்டினார். தோற்றோம்.

"பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்குப் போறதுக்குக் கேக்குற மாதிரியில்ல தூக்கிட்டு நின்னாரு!" என்று சாத்தையா லாரியில் எல்லாருக்கும் நடித்துக் காட்டிக்கொண்டே வந்தார். வீரையா மூலையில் சேறு காய்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை காலை துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மொழிபெயர்க்க நான். முதலில், எதிர்க்கட்சியிடம் பணம் வாங்கினானா என்று கேட்டார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிற்று. இல்லை என்று நானே சொன்னேன், அவனைக் கேட்கவே இல்லை. பிறகு துரை குரலைத் தணித்தார். பந்தோடு வந்தவன் தப்பான இடத்தில் நின்று பந்தை வாங்கினான், ஆப்சைடு என்று காட்டத்தான் கையைத் தூக்கினேன், ரெப்ரி தப்பாக எடுத்துக்கொண்டார் என்று வீரையா எழுதிக் கொடுத்தால் கம்பெனி புகார் கொடுக்குமாம். ஆட்டத்தைத் திரும்ப வைப்பார்களாம். அப்படியானால் இவனுடைய பெர்மிட் காகிதத்தில் அன்றைக்கே கையெழுத்தாம்.

நான் தமிழில் திரும்பினேன். "மாப்ள, ஆப்சைடுக்குத் தூக்குனேன்னு ஒரு வார்த்த. செல்லமும் புள்ளையும் அடுத்த கப்பல்ல இங்க. தலைய மட்டும் ஆட்டு, மிச்சத்த நான் சொல்லிக்கிறேன்."

அவன் தலையை ஆட்டவில்லை. "பட்டுச்சு மச்சான்" என்றான். அவ்வளவுதான்.

நான் துரையைப் பார்த்து, "ஆப்சைடுக்குத்தான் தூக்கினானாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு சொன்னேன். கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிற வாய் சொல்லிற்று. ஆனால் வீரையாவும் பள்ளி இறுதி வரைக்கும் ஆங்கிலம் படித்தவன். அவன் துரையின் முகத்தை நேராகப் பார்த்து, "நோ சார். ஐ டச்" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குத் தேவலை. நான் எங்கோ வழுக்கி விழுந்துவிட்டதைப் போல, தூக்கிவிட வேண்டுமே என்பதைப் போலப் பார்த்தான்.

துரை பேனாவை மூடினார். அன்று சாயங்காலம் விளக்கேற்ற எனக்குக் கை வரவில்லை. "நார்த்தாமலை மாரியாத்தாளுக்குப் பால்கொடம் எடுக்குறதா வேண்டிக்கிட்டேனே, ஏங்க இப்புடி ஆச்சு?" என்று என் மனைவி பொன்னம்மா அழுதாள். ஆத்தாள் கொடுத்த புத்திப்படிதான் அவன் செய்தான், கெடுக்கப் பார்த்தது நான் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். பொன்னம்மாவும் படித்துக்கொள்ளட்டும்.

ஆகவே மாமா அவர்களே, ஊர்க்காரர்களே, உங்கள் மகன் தேறாமல் திரும்பவில்லை. பந்தைப் பிடிக்கக் கூப்பிட்டார்கள், பிடித்தான். பொய்யையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார்கள், அதை மட்டும் விட்டுவிட்டான். ஒருவனைக் கடல் தாண்டி வரவழைத்து, ஒரு மத்தியானத்துக்காகத் திருப்பி அனுப்புகிற கம்பெனியைத் திட்டுங்கள். சொந்த ஊர்க்காரனைக் கேலி பேசிச் சிரித்த எங்களைத் திட்டுங்கள். பஸ் ஸ்டாண்டில் அவன் நடந்து போனால் வாயை மூடிக்கொண்டு வழிவிடுங்கள்.

அந்த வாரம் வியாழக்கிழமை பினாங்கில் அவனை நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிட்டு வந்தேன். சனிக்கிழமை வழக்கம்போல லாரி வந்தது. போகாவிட்டால் அதையும் எழுதிக்கொள்வார்களே என்று ஏறிக்கொண்டேன். பாடாங்குக் கொட்டகையில் சே ஹம்சா பக்கத்தில் இடம் கிடைத்தது.  புதிதாகக் கோலில் நின்றவன் ஒரு சீனப் பையன், நல்ல பிள்ளைதான். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் மூலையை நோக்கிப் போன பந்தை அவன் பாய்ந்து தட்டிவிட்டான். "பாகூஸ்! பாகூஸ்!" என்று மலாயில் பாராட்டுகிற ஒரு குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது. அது என் குரல். எப்போது எழுந்தேன், எப்போது கை தட்டினேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் கம்பெனி ஜெயிக்க வேண்டும் என்று அந்த நொடியில் நான் உண்மையாகவே விரும்பினேன். அந்த நேரத்தில் கப்பல் நடுக்கடலில் போய்க்கொண்டிருந்திருக்கும். குனிந்து பார்த்தேன். கொட்டகை முழுவதும் எழுந்து நிற்க, சே ஹம்சா மட்டும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.