பிளாக் ஸ்பாட் ஆகத் தகுதியில்லாத முக்கு

படாளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் மனைவிக்கு மறைமலைநகரில் வேலை. கம்பெனி பஸ் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும். விடியாத ஐந்தரை மணிக்கு, விளக்கே இல்லாத முக்கில், லாரிகளுக்கு நடுவே அவள் ஓடிக் கடப்பாள். நான் காவலுக்கு நிற்பேன், பத்திரமாக இந்தப் பக்கம்.

போன மாதம் அதே முக்கில் ஸ்கூட்டரோடு விழுந்தேன். பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் அடித்ததால் பிழைத்தேன். வீங்கிய முழங்காலோடு, விளக்கும் சிக்னலும் கேட்டு மனு எழுதிக்கொண்டு ரோடு ஆபீசுக்குப் போனேன்.

அதிகாரி படித்துவிட்டு, "இந்த எடம் பிளாக் ஸ்பாட் லிஸ்ட்ல இல்லியே சார்" என்றார்.

"இன்னா பண்ணா லிஸ்ட்ல வரும்?"

"இத்தினி வருஷத்துல இத்தினி ஆக்சிடென்ட்டு, இத்தினி சாவுன்னு ஒரு கணக்கு கீது. அது தேறணும்."

"நான் வுழுந்தனே சார்!" வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டினேன்.

"போலீஸ் கேஸ் ஆச்சா? ஆஸ்பத்திரில சேத்தாங்களா?"

"மஞ்சப் பத்து போட்டேன்."

அவர் முகத்தில் ஏமாற்றம். விபத்திலும் நான் பாஸ் மார்க் வாங்கவில்லை.

பிளாக் ஸ்பாட் என்றால் ஆபத்தான இடம் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். போதுமான ஆட்கள் ஏற்கெனவே செத்த இடமாம். ஆபத்தை முன்கூட்டியே சொல்ல வந்தவனிடம், போய்ப் பிணத்தோடு வா என்கிற வார்த்தைக்கு மரியாதையாக இங்கிலீஷில் ஒரு பெயர்!

வீட்டில் சொன்னதும் மனைவி கொதித்தாள். "அப்ப நான் செத்தாதான் லைட்டு போடுவானுங்களா?"

"நீ ஒருத்தி பத்தாதாம்."

கையில் கிடைத்த துடைப்பத்தை எடுத்தவள், என் முழங்காலைப் பார்த்துக் கீழே போட்டாள். "அடுத்த முக்குல லைட்டு, சிக்னலு எல்லாம் கீதே?"

"அது பிளாக் ஸ்பாட்டு."

"அப்ப என்னிய அங்க கொண்டுபோய் வுடு. பஸ்சு அங்கயும் நிக்கும்."

இப்போது தினமும் அவளை ஸ்கூட்டரில் ஏற்றி, 'விபத்துப் பகுதி' என்ற போர்டுக்குக் கீழே இறக்கிவிடுகிறேன். அவள் நிதானமாக நடந்து கடக்கிறாள். எங்கள் ரோட்டில் பாதுகாப்பான இடம் அது ஒன்றுதான். அதற்காகச் செத்தவர்கள் யார் யாரோ.

ஆனால் அதே பஸ்சுக்குப் போகும், ஸ்கூட்டர் இல்லாத ஏழு பெண்கள் இன்னும் எங்கள் முக்கில்தான் ஓடுகிறார்கள். அதனால் இரண்டாவது மனு கொடுத்திருக்கிறேன்: "செத்தவர்கள் பட்டியல் எங்களிடம் இல்லை. தினமும் கடப்பவர்களின் பட்டியலை இணைத்திருக்கிறோம். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். ஆட்சேபணை இல்லையென்றால் அப்படியே இருக்க விரும்புகிறார்கள்."