பெற்றவளுக்குப் பெயர் கசிரா

டச்சுக்காரர் ஆட்சிக்கு உட்பட்ட சோலோ நாட்டு இளவரசர் குசுமதீபருக்கும் கசிராவுக்கும் கல்யாணம் நடந்தபோது மாப்பிள்ளையே வரவில்லை. சந்தையில் கீரையும் வேர்க்கடலைத் துவையலும் விற்றவளின் வாசலை மிதித்தால் அரச பரம்பரை தேய்ந்துவிடுமாம். தனக்குப் பதிலாகத் தன் குத்துவாளை வேலையாளிடம் கொடுத்தனுப்பினார். வாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கசிரா மணப்பெண்ணானாள். அவரைவிட வாள் தேவலை, அது வாய் திறக்கவில்லை.

அரண்மனையில் பிள்ளை விரஸ்மா பிறந்தான். அவன் அரச ரத்தம், அவள் சந்தைக்காரி. அவன் நாற்காலியில், அவள் தரையில். அவன் முன்னால் குந்தியபடியேதான் அவள் நகர வேண்டும். "சின்னய்யா, சாப்பிடுறீங்களா?" என்றுதான் கேட்க வேண்டும். அவனோ, "கசிரா, பசிக்குது" என்பான். அம்மா என்ற அழைப்பு இளவரசரின் அரச குலத்து மூத்த மனைவிக்கு மட்டும். ஒரே ஒரு தடவை அது தன் காதில் விழாதா என்று ஏங்கிக் கிடந்தாள் பாவி.

இளவரசரின் பிறந்தநாள் விருந்துக்கு டச்சு துரை வந்தார். மீசைகூட ஒழுங்காக முளைக்காத ஆள். ஐம்பதைத் தாண்டிய இளவரசர் அவர் கையைக் கோத்துக்கொண்டு, "அப்பா, இங்க உட்காருங்க. அப்பா, கேக் எடுத்துக்குங்க" என்று குழைந்தார். துரைமாரை அப்படித்தான் அழைக்க வேண்டும். வெட்கங்கெட்ட மரியாதை.

அந்த நேரம் பார்த்து விரஸ்மா படியில் தடுக்கி விழுந்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த கசிராவின் மடிக்கு நேரே ஓடிவந்து, "அம்மா, ரத்தம் வருது" என்றான். அவள் அவனை வாரி மடியில் இருத்திக்கொண்டாள்.

"யாரடா அம்மாங்கிறே? அது கசிரா" என்று இளவரசர் உறுமினார். பிள்ளை மடியிலிருந்து நழுவினான்.

"பெத்தவ அம்மா இல்லியா ஐயா? உங்க பாதி வயசுகூட ஆகாதவர அப்பா அப்பாங்கிறீங்களே, அவரா உங்களப் பெத்தாரு?"

துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்பவர் கூரையைப் பார்த்தார்.

"இப்பவே வெளியே போ. பிள்ளை இங்கதான் இருப்பான்" என்றார் இளவரசர்.

கசிரா எழுந்தாள். அந்த மண்டபத்தில் அவள் நிமிர்ந்து நின்றது அன்றுதான்.

"எங்க போற, கசிரா?" என்றான் விரஸ்மா.

"அம்மான்னு கூப்பிட்டுக் கேளு, சொல்றேன்."

பிள்ளை இளவரசரைப் பார்த்தான். இளவரசர் துரையைப் பார்த்தார். துரை கேக்கை மென்றுகொண்டிருந்தார்.

கசிரா கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு இரண்டு காலால் நடந்தே வெளியே போனாள்.

மறுபடி சந்தையில் கூடையை இறக்கினாள். வண்டிக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் இலையை நீட்டி, "அம்மா, இன்னும் கொஞ்சம் துவையல் வைம்மா" என்றார்கள். அதற்கு அவர்கள் எந்தத் துரையிடமும் உத்தரவு கேட்கவில்லை.