எங்கள் களத்தில் நின்ற படகு

பசுவந்தனைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு ஒருமுறை படகு வந்தது. தொண்ணூறுகளில் ஓர் ஐப்பசி மாதம், டிராக்டர் டிரெய்லரில் வந்து இறங்கியது. அதன் நீளம் அப்பாவின் காலடியில் இருபத்திரண்டு, என் காலடியில் இருபத்தொன்பது. அப்போது நான் நாலாம் வகுப்பு. அளந்ததெல்லாம் சரியாக நினைவிருக்கிறது. அளக்க முடியாதவைதான் இன்றுவரை குழப்பமாகவே கிடக்கின்றன.

படகு மாமாவுடையது. அப்பாவின் தங்கையைக் கட்டியவர். குளத்தூர்ப் பக்கம் உப்பளத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்து, பாதங்கள் இரண்டும் வெடித்துப்போய், இனி அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று பழைய ஃபைபர் படகு ஒன்றையும் அதற்கு ஓர் இன்ஜினையும் வாங்கினார். கடலோரத்து ஆட்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு மீன்பிடிக்கப் போனார். முந்திய கார்த்திகையில் நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோய், இரண்டு நாள் கழித்துத்தான் கரைக்கு வந்தார். அந்த இரண்டு நாளும் அத்தை கரையில் நின்றாளாம். அதற்குப் பிறகு அவள் மீன் தொடுவதில்லை.

"புயல் மாசம் மூணும் இங்கன கெடக்கட்டும் மச்சான். அங்கன போட்டா அலை தூக்கி அடிச்சிரும். தை பொறந்ததும் எடுத்துட்டுப் போயிருதேன். இது போச்சுன்னா நான் மறுபடியும் உப்பு வாறத்தான் போகணும்" என்றார் மாமா.

"உப்பு காலைத்தான திங்கும்" என்றாள் அத்தை. கேட்ட கேள்விக்குப் பதில்போலவும் இல்லை, சொன்ன பேச்சுக்கு மறுபேச்சுபோலவும் இல்லை. யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வேலை இன்ஜின். அதற்குள் தங்கிய உப்பைக் கழுவ, ஒரு பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, இன்ஜினை அதில் நிற்கவைத்து ஓட்ட வேண்டும் என்றார். எங்கள் கிணற்றில் உவர்த் தண்ணீர். நல்ல தண்ணீருக்குக் குழாயடியில் காத்துக் கிடக்க வேண்டும், வீட்டுக்கு எட்டுக் குடம். பீப்பாய்க்கு வேண்டியது பதினான்கு.

"குடிக்கவே எட்டுக் குடந்தான் அண்ணாச்சி" என்றாள் அம்மா, அழாக்குறையாக.

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி விடவில்லை. "எங்க மாமியாளுக்கே நான் கெணத்துத் தண்ணிதான் குடுக்கேன். இவிய இன்ஜின் நல்ல தண்ணி கேக்குதாம்லா!"

இரண்டு நாள் தண்ணீரைச் சேர்த்து ஓட்டினார்கள். தெரு முழுக்கப் புகை. மாமா மிச்ச எண்ணெயை வடித்து, பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் புது எண்ணெய் விட்டு, கயிற்றை ஏழு தடவை இழுத்தார். பிறகு சாக்கில் சுற்றி, உளுந்து மூட்டைகளுக்கு நடுவில் நிறுத்தினார். பீப்பாய்த் தண்ணீரைக் கொட்ட அப்பாவுக்கு மனம் வரவில்லை. வேப்பங்கன்றுக்கு ஊற்றினார். கன்று பதினைந்து நாளில் பட்டுப்போனது.

அடுத்தது படகு. களத்து ஓரத்தில் ஆறு பனங்கட்டைகள் போட்டு அதன்மேல் ஏற்றினார்கள். மழை விழாமல் கவிழ்த்துப் போடலாமே என்று அப்பா கேட்டார். மாமா பதறிவிட்டார். "அந்த வார்த்தையே சொல்லாதீங்க மச்சான். படகு கவுந்து கெடக்கக் கூடாது." முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, பின்பக்கம் அடியில் இருந்த துவாரத்தின் மரையாணியைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டார். எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு அந்தத் துவாரத்தைக் காட்டினார்.

"இது தெறந்தே கெடக்கணும். பெய்யுத மழை இதுவழியா ஓடிரும். தண்ணி கட்டிச்சுன்னா பாரம் தாங்காது. கரிசல் வேற எளகிக் கெடக்கும், கட்டை உள்ள எறங்கிரும். ஓடு பொளந்துரும். வெளங்குதா?"

விளங்கியது. அப்பா, அம்மா, அக்கா, நான், அத்தை, ஐந்து பேரும் தலையாட்டினோம். மாமா கோவில்பட்டியில் ஒரு லாரி ஷெட்டில் மூன்று மாதம் வேலை பார்க்கப் போனார். அத்தை எங்களோடு தங்கினாள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. முதல் நாள் துவாரத்தின் வழியாகக் கைத்தண்டி கனத்துக்குத் தண்ணீர் விழுந்து களத்தில் ஓடியது. இரண்டாம் நாள் காலையில், தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு அத்தை அங்கே குனிந்திருந்தாள். பழைய துணியை உருட்டித் திணித்து, அதன்மேல் ஈரக் கரிசலைக் குழைத்து அப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் மண் ஈரத்தில் ஊறினால் சிமெண்டு தோற்றுவிடும்.

"மாமா தெறந்து கெடக்கணும்னாகள்லா அத்தை?"

"மழைத் தண்ணிலே. வீணாப் போவுதுல்லா" என்றாள். பிறகு வாசலில் நின்று கையைக் கழுவினாள். நான்கு தடவை கழுவினாள். மண் இரண்டாவது தடவையிலேயே போய்விட்டது.

சரிதான் என்று தோன்றியது. எங்கள் ஊரில் மழை பெய்தால் அண்டா, குண்டான், உரல் வரை முற்றத்துக்கு வந்துவிடும். அவ்வளவு பெரிய பாத்திரத்தை ஓட்டையோடு விடுவார்களா? ஆனால் ஒன்றுதான் புரியவில்லை. படகில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. ஒருவரும் ஒரு குடம்கூட மொள்ளவில்லை. அம்மா குடத்தோடு குழாயடிக்குத்தான் போனாள். அப்பா படகுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கீழே குனிந்து பார்த்தார். அடுப்படியில் இருந்த தங்கையைப் பார்த்தார். பிறகு மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் பெரிய பூசணிக்காயை உடைத்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. இடது பக்கத்துக் கட்டைகள் மூன்றும் மண்ணுக்குள் போயிருந்தன. படகு சாய்ந்து, அடியில் பிளந்து, தண்ணீரெல்லாம் களத்தில் பரவிக்கொண்டிருந்தது. பிளவு என் சாணுக்கு ஏழு.

தை இரண்டாம் தேதி மாமா வந்தார். புதுக் கயிறு ஒரு கட்டு வாங்கி வந்திருந்தார். படகைச் சுற்றி வந்தார். துவாரத்தில் காய்ந்திருந்த மண்ணை விரலால் பெயர்த்து எடுத்தார். வீட்டுக்குள் வந்து முதலில் அக்காவிடம் கேட்டார்.

"ஏட்டி, அந்த ஓட்டைய அடைச்சது யாரு?"

"தெரியாது மாமா."

"ஏலே, நீ பாத்தியா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "அவன எதுக்குக் கேக்கீக மாப்ளே? நான்தான் அடைச்சேன். இம்புட்டுத் தண்ணியும் வீணா ஓடுதேன்னு புத்தி கெட்டுப்போய்ச் செஞ்சிட்டேன்."

"நீ பாத்தியா தங்கச்சி?" என்று மாமா அம்மாவிடம் திரும்பினார்.

"அவுக அடைக்கல அண்ணாச்சி. நான்தான் அடைச்சேன், துணி தொவைக்கலாம்னு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்து முழித்தாள். அப்பாவும் முழித்தார்.

எனக்குத் தலை சுற்றியது. ஓட்டை ஒன்று. அடைத்ததாகச் சொன்னவர்கள் இரண்டு பேர். நான் பார்த்தது மூன்றாவது ஆள். அந்த ஆளோ சுவரோரம் உட்கார்ந்து முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லையும் உளுந்தையும் சேர்த்தே தள்ளிக்கொண்டிருந்தாள். மாமா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். அவள் நிமிரவில்லை. அவர் வெளியே போய்விட்டார்.

அவர் மறந்துவிட்டார் என்று நினைத்து நான் பின்னாலேயே ஓடினேன். களத்தில், படகின் நிழலில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"மாமா, அத்தையக் கேக்கவே இல்லியே நீங்க?"

"கேட்டா சொல்லிருவாலே" என்றார்.

இதற்கு என்ன அர்த்தம்? கேட்டால் சொல்லிவிடக்கூடிய ஆள் வீட்டுக்குள் இருக்கும்போது, அந்த ஆளை விட்டுவிட்டு மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மாமாவுக்கு அவ்வளவு விவரம் போதாது என்று முடிவுகட்டி, அவரை அங்கேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.