முடிச்சில்லாத நூலும் ஒரு வல்லூறும்

தாமல் ஏரிக்கரையில் என் கையில் அரை நூல் இருந்தது. மீதி அரை நூல், காலில் கட்டியபடி, என் வல்லூறோடு பனைமர உச்சியில் இருந்தது.

அறுபதுகளின் கடைசி. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்துகொண்டிருந்தேன். காற்றில் வேப்பமரத்திலிருந்து விழுந்த குஞ்சைத் தூக்கிவந்து, தறிக்குப் பக்கத்தில் வைத்து வளர்த்தேன். வேட்டைக்குப் பழக்கும் வித்தையை, பெண்ணின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த ஓர் ஆற்காட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டே சொன்னார். பசியோடு வை, கறி காட்டிக் கூப்பிடு, முதலில் கயிறு கட்டிப் பறக்கவிடு, திரும்பிவரப் பழகியதும் அவிழ்த்துவிடு. அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நான் உஸ்தாத் ஆகிவிட்டேன். ஏரிக்குப் போன அன்று, காடைக் குழம்புக்கு மசாலா அரைக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

கயிறு கனக்குமே என்று தறியில் மிஞ்சிய பட்டு இழைகளைத் திரித்து நூல் செய்திருந்தேன். எல்லாம் துண்டு துண்டு. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் இழை அறுந்தால் நாங்கள் முடிச்சுப் போடமாட்டோம், புடவையில் உறுத்தும். சாம்பல் தொட்டு விரலால் முறுக்கி இணைப்போம். இதையும் அப்படியே வழவழவென்று முறுக்கியிருந்தேன், ஏதோ வல்லூறு அதை முகூர்த்தத்துக்கு உடுத்தப்போவதுபோல.

வல்லூறு எழும்பிய முதல் சுண்டலிலேயே நூலின் முறுக்கு விட்டுப்போனது.

"மாமா, நூலு பூட்ச்சு!" என்று கத்தினான் கூட வந்த மச்சினன். தாமல்காரன்.

பனையைச் சுற்றி வேலிகாத்தான் முள். பறவை அதில் இறங்கினால் நூல் சிக்கி, தலைகீழாகத் தொங்கியே சாகும். வந்தால் நேராக என் கைக்கு வரவேண்டும். விசில் அடித்தேன். உலர்ந்த உதட்டிலிருந்து காற்றுதான் வந்தது. வல்லூறு முள்காட்டைப் பார்த்துக் குனிந்தது.

"அது உன்ன மதிக்கவே இல்ல மாமா. ஊட்டுல எப்டிக் கூப்புடுவே?"

வீட்டில் நான் கூப்பிட்டதே இல்லை. தறிப்பலகையை அடித்துக்கொண்டே கறித்துண்டை நீட்டுவேன். அந்தச் சத்தத்துக்குத்தான் அது வரும்.

கறியை உயர்த்திப் பிடித்து, நாக்கால் அண்ணத்தைத் தட்டினேன். டக்... டக்...

"இன்னா மாமா, நீயே தறியா ஆயிட்டியா?" என்றவன், கிடந்த இரண்டு பனைமட்டைகளை எடுத்துத் தானும் தட்டினான்.

"மெதுவாடா! இந்த வேகத்துல அடிச்சா புடவை பொழுதுக்குள்ள முடிஞ்சிடும்!"

வல்லூறு தலையைத் திருப்பியது. சிறகு விரித்தது. நின்றது. நூல், மர உச்சியில் ஒரு பனைமட்டையின் ரம்பப் பல்லில் மாட்டியிருந்தது. இழுத்தது, வரவில்லை. மச்சினன் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

"நிறுத்தாதடா!" என்றேன்.

டக்... டக்... மறுபடி இழுத்தது. நூல் அந்தப் பற்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு நுனிவரை உருவி வந்துவிட்டது. ஒரேயொரு முடிச்சு இருந்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

முள்காட்டுக்கு மேலே, வால்போல நூல் ஆட, தாழப் பறந்து வந்தது. நகங்கள், கையுறையாகச் சுற்றியிருந்த சாக்கைத் துளைத்து என் மணிக்கட்டில் இறங்கின. அந்த வலிக்காக நான் யாருக்கு வேண்டுமானாலும் தேங்காய் உடைத்திருப்பேன்.

"இப்பவாச்சும் நல்லா முடிச்சு போடு மாமா."

அதன் காலிலிருந்து நூலை முழுக்க அவிழ்த்து, மடித்து, சட்டைப்பையில் போட்டேன். "இனிமே இது வாணாம். நீ மட்டையத் தட்டு."

அன்று நூலில்லாமல் நான்கு தடவை பறந்து வந்தது. காடை ஒன்றும் சிக்கவில்லை. அரைத்த மசாலாவில் கத்தரிக்காய் வெந்தது. கறி வல்லூறுக்கு மட்டும்.