நொட்டாங்கைக் கல்

எனக்குப் பிறவியிலேயே இடக்கைதான் பழக்கம். சோறு தின்பதை மட்டும் அடித்து அடித்து வலக்கைக்கு மாற்றிவிட்டார்கள். ரப்பர் பால்மரம் வெட்டப் போனால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தினமும் கத்துவார்: "நொட்டாங்கையால வெட்டி மரத்தைக் கொல்லாத!" நானும் முறைப்பேன். அப்போதெல்லாம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது மட்டும் குறைந்துவிட்டதா என்று என் மகள் கேட்கிறாள்.

நான் சொல்வது மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் நடந்தது. எங்கள் தோட்டம் போர்ட்டிக்சன் கடற்கரையை ஒட்டி இருந்தது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பிடி சோறுகூட கேட்டைத் தாண்டக் கூடாது. அரிசியும் அளந்துதான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெண்கள் நாலு மணி நேரம் கடற்கரைக்குப் போய்ப் பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பி எடுத்து வரலாம். கத்தி கொண்டுபோக முடியாது, கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்த நாலு மணி நேரத்தில்தான் நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம். அதற்காகத்தான் வாரம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம்.

கத்தி இல்லாமல் சிப்பியை எப்படித் திறப்பது? ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை இன்னொன்றால் ஓங்கித் தட்டினால் கூராக ஒரு சில்லு பெயரும். அதால் நெம்பித் திறந்துவிட்டு, சில்லை அங்கேயே போட்டுவிட்டு வருவோம். சரியாகத் தட்டத் தெரிந்தவள் நான்தான். எல்லோருக்கும் நானே தட்டிக் கொடுப்பேன்.

ஒரு ஞாயிறு கேட்டைத் திறக்கவில்லை. "தொரை ஆர்டர் லா," என்றார் காவல்காரர். "கடற்கரையில ஆதி மனுசன் செஞ்ச சிக்கிமுக்கிக் கல்லு கெடச்சிருக்காம். இனி யாரும் அங்க போகக் கூடாது." உலாவப் போன எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எங்கள் சில்லுகளைப் பொறுக்கி வந்திருக்கிறார்!

"ஐயோ அக்கா, அது நம்ம கல்லு," என்றேன் பக்கத்து வீட்டு அக்காவிடம். அவர் என் வாயைப் பொத்தினார். "சொல்லித் தொலைக்காதடி. கத்தி கூடாதுன்னா இதுங்க கல்லுலயே கத்தி செய்யுதுங்கன்னு ஒரேயடியா மூடிடுவாங்க. போலீஸ் வேற வரும்."

அவர் சொன்னது நியாயம்தான். சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. நாலு ஞாயிறு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். லயத்தில் யார் முகத்திலும் சிரிப்பில்லை.

பிறகு ஒரு நாள் கோலாலம்பூரிலிருந்து கற்களைப் பற்றிப் படித்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வந்தார். ஆபீஸ் வராந்தா மேசையில் கற்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். ரப்பர் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த நான், வாளியோடு நேரே அங்கே போய் நின்றேன்.

"இது ஆதி மனுசன் செஞ்சது இல்லீங்க. நான் செஞ்சது," என்றேன் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம்.

கிராணிக்கு வியர்த்துவிட்டது. "என்னா பேசுறே நீ? போ, போ!" ஆனால் பெரியவர் என்னவென்று கேட்டார், கிராணி அதை இங்கிலீஷில் சொல்லித்தான் ஆகவேண்டி வந்தது. துரை முகம் சிவந்துவிட்டது. நான் வாளியைக் கீழே வைத்தேன். முற்றத்தில் கிடந்த இரண்டு வெள்ளைக் கற்களை எடுத்து, இடக்கையால் ஒரே தட்டு. பெயர்ந்த சில்லும் மேசையில் இருந்ததும் அச்சு அசல் ஒன்று.

பெரியவர் சிரித்துவிட்டார். துரை சிரிக்கவில்லை.

"எல்லாமே உன்னுதுதானான்னு கேக்குறார்," என்றார் கிராணி. ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பார்த்து ஒதுக்கினேன். என் கல் என்றால் இடக்கைக்குத்தான் வாகாக இருக்கும். கடைசியில் பழுப்பாக ஒன்று மிஞ்சியது. ஓரமெல்லாம் மழுங்கிப்போயிருந்தது. அதுவும் என் இடக்கையில் கச்சிதமாக உட்கார்ந்தது, பெருவிரலுக்கு ஒரு குழிகூட இருந்தது. ஆனால் நான் தட்டுவது வெள்ளைக் கல் மட்டும்தான், அது நான் தட்டியதில்லை. இன்னொரு தடவை புரட்டிப் பிடித்துப் பார்த்தேன்.

"இது என்னுது இல்லீங்க."

பெரியவர் அதை வலக்கையில் பிடித்துப் பார்த்தார். வாகாக அமையவில்லை. இடக்கைக்கு மாற்றினார். பெருவிரல் குழியில் போய் உட்கார்ந்தது. பிறகு கிராணியிடம் ஏதோ சொன்னார். கடல் தேய்த்ததாகவும் இருக்கலாம், மனிதர் செய்ததாகவும் இருக்கலாம், சந்தேகம்தான் என்றாராம். இந்தப் பெண்கள் கடற்கரைக்குப் போகட்டும், இனி அங்கே கிடைப்பதில் தங்களுடையது இல்லாத கல் எது என்று இவளால்தான் சொல்ல முடியும் என்று துரையிடமும் சொன்னாராம். துரை சரியென்று தலையை ஆட்டினார்.

அடுத்த ஞாயிறு கேட் திறந்தது. அக்கா என் முதுகில் ஒரு போடு போட்டார். "உன் வாய்க்குப் பூட்டே கெடயாதுடி!" சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

பாறையில் உட்கார்ந்து முதல் சிப்பியைத் திறந்தேன். இடக்கையாலேயே எடுத்து வாயில் போட்டேன்.

"ஐயே, அந்தக் கையாலயா திங்கிற?" என்றார் அக்கா.

"ஆமா," என்றேன். "எனக்கு முன்னாடியே இங்க ஒருத்தி இதே கையால தின்னிருக்கா."